என்ன செய்ய மாட்டேன்: மில்லின் வேட்பாளர் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது

சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் மக்களவைத் தேர்தலில் முதல்முறையாக நின்றார். சுயேச்சை. துண்டறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "தம்பி, நீதான் நாலு புத்தகம் படிக்கிற ஆளு, நீயே எழுதிடு" என்றார். ஒரு ராத்திரி உட்கார்ந்து எழுதி முடித்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு வரியும் 'செய்வேன்', 'பாடுபடுவேன்', 'குரல் கொடுப்பேன்' என்றே முடிகிறது. அதில் பாதி ஒரு எம்.பி.யின் கையிலேயே இல்லாத காரியங்கள். சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இருந்தது. அண்ணனுக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். இதைப் படிக்கிறவருக்கு இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரியுமா? பெயரை மட்டும் மாற்றினால் எதிரில் நின்ற எவருக்கும் இது பொருந்துமே?

டெபாசிட் 25,000 ரூபாய் போனது. அது பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த உறுத்தல் போகவில்லை.

அதற்குப் பிறகுதான் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தன்வரலாற்றில் கடைசி அத்தியாயத்தை ஒழுங்காகப் படித்தேன். 1865-இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் அவர் முதல்முறையாக பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு நின்ற கதை அதில் வருகிறது. அரசியலில் நேர்மைக்கு உதாரணமாக இந்தக் கதையைப் பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் முதல் தடவை படித்தபோது உள்ளுக்குள் கைதட்டினேன். சமீபத்தில் திரும்பப் படித்தபோது சில இடங்களில் கால் தடுக்கியது. அந்த இடங்களைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

கடிதம்

முதலில் கதை. 1865-இல் மில்லுக்கு 58 வயது. கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் 35 வருஷம் வேலை பார்த்து 1858-இல் ஓய்வு பெற்றவர். சுதந்திரம் பற்றியும் பிரதிநிதித்துவ ஆட்சி பற்றியும் எழுதிய புத்தகங்களால் பெயர் வாங்கியவர். மனைவி ஹாரியட் பிரான்சின் அவின்யோனில் இறந்து அங்கேயே அடக்கமானதால், அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் ஒரு வீடு வாங்கி வருஷத்தில் பாதியை அங்கே கழித்துக்கொண்டிருந்தார். கட்சி வேலை எதுவும் செய்தவர் இல்லை. ஏற்கனவே ஒருமுறை அயர்லாந்துத் தலைவர்கள் சிலர் அங்கே ஒரு தொகுதியில் நிற்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். அப்போது கம்பெனி வேலையில் இருந்ததால் முடியாது என்று சொல்லிவிட்டார்.

இந்த முறை வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்கள் சிலர் கேட்டார்கள். மில் பதில் எழுதினார், பத்திரிகையில் வெளியிடுவதற்காகவே. அதில் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்.

நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை எனக்குத் தனிப்பட்ட முறையில் இல்லை. வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்க மாட்டேன். தேர்தலுக்காக ஒரு பைசா செலவு செய்ய மாட்டேன். ஜெயித்தால் தொகுதியின் உள்ளூர்க் காரியங்களுக்கு என் நேரத்தைத் தர முடியாது. என் கருத்துகளை எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், சொல்கிறேன். ஓட்டுரிமை பற்றிக் கேட்டால், ஆண்களுக்கு எந்த நிபந்தனையோ அதே நிபந்தனையில் பெண்களுக்கும் தர வேண்டும் என்பேன்.

பிறகு கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார், ஒன்றைத் தவிர. மத நம்பிக்கை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் கிடையாது என்று ஆரம்பத்திலேயே அறிவித்துவிட்டார்.

இப்படிப்பட்ட அறிக்கையோடு நின்றால் கடவுளே நின்றாலும் தோற்றுப்போவார் என்று ஒரு பிரபல எழுத்தாளர் சொன்னாராம். மில்லே இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அவர் ஜெயித்தார். இரண்டு இடங்கள் கொண்ட தொகுதி அது. லிபரல் பக்கத்தில் கிராவ்னர் 4,534, மில் 4,525. கன்சர்வேட்டிவ் வேட்பாளர் டபிள்யூ. எச். ஸ்மித் 3,824. ரயில் நிலையப் புத்தகக் கடைகளால் நமக்குத் தெரிந்த அதே ஸ்மித் குடும்பத்து ஆள்தான்.

இது வெறும் வீம்பு இல்லை

கடிதத்தைத் தனியாகப் படித்தால் ஒரு பெரிய மனுஷனின் வீம்பு மாதிரித் தோன்றும். 'வேணும்னா வாங்க, இல்லாட்டி போங்க' என்கிற தொனி. ஆனால் இதற்கு நாலு வருஷம் முன்பு, 1861-இல், அவர் வெளியிட்ட பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் கணக்குப் புரியும்.

அந்த நூலில் ஒரு அத்தியாயம் முழுக்க ஒரே கேள்வி: வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதியிடம் முன்கூட்டியே வாக்குறுதி வாங்கிக் கட்டிப்போடலாமா? மில்லின் பதில், கூடாது என்பது. பிரதிநிதி யோசிக்கத்தான் அனுப்பப்படுகிறார். விவாதத்தைக் கேட்டு மனசு மாறும் உரிமை அவருக்கு வேண்டும். சரி, வாக்குறுதியும் தர மாட்டார் என்றால் வாக்காளரிடம் வேறு என்ன மிச்சம்? இங்கேதான் முக்கியமான படி வருகிறது. என்னைக் கட்டிப்போடாதே என்று கேட்கிறவர், தான் யார் என்பதை முழுசாகக் காட்டக் கடமைப்பட்டவர். கருத்து என்ன, எதற்கு முதலிடம், எதைச் செய்ய மாட்டார், எல்லாவற்றையும் ஓட்டுப் போடும் முன்பே வைத்துவிட வேண்டும். வாக்குறுதி இருக்க வேண்டிய இடத்தில் அவர் வெளிப்படையை வைக்கிறார்.

பணம் செலவழிக்க மாட்டேன் என்பதற்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. அந்தக் காலத்தில் வாக்குச்சாவடி போடுவதிலிருந்து தேர்தல் அதிகாரியின் செலவு வரை வேட்பாளர்தான் கட்ட வேண்டும். அந்த ஏற்பாடு 1918 வரை இருந்தது. எம்.பி.க்குச் சம்பளமும் கிடையாது, அது 1911-இல்தான் வந்தது. பொதுக் காரியத்துக்காகப் போகிறேன் என்பவர் எதற்குக் கைக்காசு போட்டுப் போக வேண்டும்? போட்டதை எடுக்காமல் விடுவாரா என்று ஜனங்கள் சந்தேகப்பட மாட்டார்களா? நியாயமான தேர்தல் செலவைப் பொதுப் பணத்திலிருந்து தர வேண்டும் என்பது மில்லின் வாதம். 160 வருஷம் கழித்தும் அந்த வாதத்துக்கு ஒழுங்கான பதில் வந்த மாதிரித் தெரியவில்லை.

மதக் கேள்விக்குப் பதில் மறுத்ததையும் ஒளிவுமறைவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. யூதர் ஒருவர் தன் மதத்தை விடாமல் பொதுச்சபையில் உட்கார முடிந்ததே 1858-இல்தான். நாத்திகரான சார்லஸ் பிராட்லா 1880-இல் ஜெயித்தும் 1886 வரை அவரைச் சபையில் ஒழுங்காக உட்கார விடவில்லை. அப்படிப்பட்ட நாட்டில் 'இந்தக் கேள்வியே தப்பு' என்று சொல்வது ஒரு நிலைப்பாடு.

எட்மண்ட் பர்க்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மில் செய்ததன் எடை கூடுதலாகத் தெரியும். பிரதிநிதி என்பவர் தொகுதியின் ஏவலாள் இல்லை, சொந்த அறிவைப் பயன்படுத்த வேண்டியவர் என்று பிரிஸ்டல் வாக்காளர்களிடம் பர்க் 1774-இல் பேசியது அரசியல் பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். நவம்பர் 3, வாக்குப்பதிவு முடிந்து முடிவு அறிவித்த பிறகு பேசியது. மில் கிட்டத்தட்ட அதே கருத்தை ஓட்டுப் பதிவுக்கு மாதக்கணக்கில் முன்னாடியே அச்சில் கொடுத்துவிட்டார். சொன்ன கருத்து ஒன்றுதான். சொன்ன நேரத்தில்தான் நேர்மை இருக்கிறது.

இதுவரைக்கும் எனக்கு மில்லோடு சண்டை இல்லை. சண்டை அவர் அதைத் தன்வரலாற்றில் சொன்ன விதத்தோடுதான்.

தடுக்கிய முதல் இடம்: யார் நடந்தார்கள், யார் கொடுத்தார்கள்?

தன்வரலாற்றில் இந்த வெற்றி, உண்மையைச் சொன்னவனுக்கு ஜனங்கள் தந்த பரிசு மாதிரி வருகிறது. தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சில கூட்டங்களில் மட்டும் பேசியதாகச் சொல்கிறார். அப்படியானால் அதற்கு முன்னால் வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களில் நடந்தது யார்?

ஆதரவாளர் குழு ஒன்று வேலை செய்தது. செலவுக்குச் சந்தா திரட்டினார்கள். மில் அதை எதிர்க்கவும் இல்லை. வேட்பாளர் கொடுக்கக் கூடாது, மற்றவர்கள் பொது நோக்கத்துக்காகச் சேர்ந்து கொடுத்தால் தப்பில்லை என்பது அவர் கொள்கை. கொள்கை சரிதான். ஆனால் 'செலவில்லாமல் ஜெயித்தவர்' என்று நாம் கதை சொல்லும்போது அந்தக் குழு மறைந்துவிடுகிறது. மில்லோடு லிபரல் பக்கத்தில் ஜெயித்த கிராவ்னர், லண்டனின் அந்தப் பகுதியில் பெரிய நிலச்சொந்தக்காரர்களான குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. ஒன்று கிராவ்னருக்கு, இன்னொன்று மில்லுக்கு என்று போட்டவர்கள் நிறையவே இருந்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் வித்தியாசம் வெறும் ஒன்பது ஓட்டு.

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு விஷயம். பார்பரா போடிஷோனும் அவர் தோழிகளும் சுவரொட்டி ஒட்டிய ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, மில்லுக்காக வெஸ்ட்மின்ஸ்டரைச் சுற்றி வந்தார்கள். ஓட்டே இல்லாத பெண்கள். அவர்களுக்கு ஓட்டு வேண்டும் என்று சொன்ன ஒரே வேட்பாளருக்காகத் தெருவில் இறங்கினார்கள். வீடு வீடாகப் போக மாட்டேன் என்று சொல்லும் வசதி மில்லுக்குக் கிடைத்தது. அந்த வசதி அந்தப் பெண்களுக்கு இல்லை.

அவருக்கு வருஷத்துக்கு 1,500 பவுண்டு பென்ஷனும் இருந்தது. ஆசை இல்லை என்று சொல்ல முடிந்தது உண்மையிலேயே ஆசை இல்லாததால்தான் என்றே நம்புகிறேன். ஆனால் தோற்றாலும் ஒன்றும் போகாது என்கிற நிலையும் அதற்குத் துணை நின்றது. முதல்முறை நிற்கும் சாதாரண ஆளிடம் போய் 'மில்லைப் பார், எப்படி நிமிர்ந்து நின்றார்' என்று உபதேசம் பண்ணும்போது இதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது இடம்: அந்தக் கைதட்டல்

தன்வரலாற்றில் எல்லோருக்கும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. பெரும்பாலும் தொழிலாளர்கள் வந்திருந்த ஒரு கூட்டம். மில் 1859-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கம் பொய் சொல்வதற்கு வெட்கப்பட்டாலும் பொதுவாகப் பொய் சொல்கிறவர்களே என்கிற பொருளில் எழுதியிருந்தார். எதிராளிகள் அதைச் சுவரொட்டியாகவே அடித்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒருவர் அதைக் காட்டி, இதை நீங்கள்தான் எழுதினீர்களா என்று கேட்டார். மில் சுற்றி வளைக்கவில்லை, 'ஆனால்' போடவில்லை. நான்தான் என்று ஒற்றை வார்த்தையில் ஒப்புக்கொண்டார். கூட்டம் கைதட்டி ஆர்ப்பரித்தது. அடுத்துப் பேசிய தொழிற்சங்கத் தலைவர் ஜார்ஜ் ஆட்ஜர், எங்கள் குறைகளைச் சொல்கிறவர்தான் எங்களுக்கு நண்பர், முகஸ்துதி செய்கிறவர் வேண்டாம் என்ற பொருளில் பேசினார்.

அருமையான காட்சி, சந்தேகமே இல்லை. ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். 1867 சீர்திருத்தத்துக்கு முன்பு இங்கிலாந்தில் வயது வந்த ஆண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் ஓட்டு. வாடகை, சொத்து மதிப்பு என்று அளவுகோல்கள் இருந்தன. அந்த மண்டபத்தில் கைதட்டிய தொழிலாளர்களில் பலருக்கு ஓட்டு இருந்திருக்காது. மில்லின் நேர்மையை மெச்சியவர்களும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் ஒரே ஆட்கள் என்று தன்வரலாறு நம்மை நினைக்க வைக்கிறது. அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, ஓட்டு இல்லாத அந்தத் தொழிலாளிக்கு மில் என்ன தர நினைத்தார்? 1861 நூலிலேயே இருக்கிறது. எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்த எல்லோருக்கும் ஓட்டு. ஆனால் படித்தவர்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டு. அதோடு ரகசிய வாக்கெடுப்பு கூடாது. ஓட்டு என்பது பொதுப் பொறுப்பு, அதை ஊரறியப் போட வேண்டும் என்பது அவர் வாதம். முதலாளியும் வீட்டுக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டுப் பெயர் சொல்லி ஓட்டுப் போட வேண்டிய தொழிலாளிக்கு இது எவ்வளவு பாரம்! ரகசிய வாக்கெடுப்புச் சட்டம் 1872-இல் மில்லின் விருப்பத்துக்கு எதிராகத்தான் வந்தது. உண்மை பேசுவதற்கு ஆகும் செலவு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பது அவர் கண்ணில் சரியாகப் படவில்லை. மேடையில் நின்று 'நான்தான்' என்று சொல்ல அவரால் முடிந்தது. வாக்குச்சாவடியில் அதே துணிச்சலை வாடகை வீட்டில் இருக்கிற தொழிலாளியிடமும் எதிர்பார்த்தார்.

மூன்றாவது இடம்: எப்போது எழுதியது?

இதைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். தன்வரலாற்றின் பெரும்பகுதி 1850-களிலேயே எழுதியது. இந்தத் தேர்தல் வரும் கடைசிப் பகுதியை 1869-70 குளிர்காலத்தில் எழுதினார். அதாவது 1868 தேர்தலில் தோற்ற பிறகு. புத்தகம் வெளிவந்தது 1873-இல், அவர் இறந்த வருஷம்.

தோற்றவர் ஜெயித்த கதையைச் சொல்கிறார். அந்த இடத்தில் யாருக்குமே முதல் தேர்தல் பொன்னிறமாகத்தான் தெரியும். 1865-இல் உண்மை ஜெயித்தது. 1868-இல் பணமும் பகையும் ஜெயித்தன. மேலோட்டமாகப் படித்தால் இப்படித்தான் மனசில் தங்கும். எனக்கு என்னவோ 1868 தோல்விதான் அந்த 1865 கடிதத்துக்குச் சரியான அத்தாட்சி என்று படுகிறது.

ஏன் என்றால், இடைப்பட்ட மூன்று வருஷத்தில் அவர் செய்தது அப்படி. 1866 ஜூனில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு 1,499 பேர் கையெழுத்திட்ட மனுவைச் சபையில் வைத்தார். அவர் கேட்டது நூறு கையெழுத்து, வந்தது அதற்குப் பதினைந்து மடங்கு. வண்டியில் சுற்றிய அதே போடிஷோன் கூட்டம்தான் திரட்டியது. 1867 மே 20, அவருடைய 61-ஆவது பிறந்த நாளில், சீர்திருத்த மசோதாவில் 'ஆண்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'நபர்' என்று போடச் சொன்னார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. தோல்விதான். ஆனால் கடிதத்தில் சொன்னதை ஒரு சொல் குறையாமல் செய்துவிட்டார்.

ஜமைக்காவில் 1865 அக்டோபரில் மொரான்ட் பே கலவரம் நடந்தது. கவர்னர் எய்ர் ராணுவச் சட்டம் போட்டு அடக்கினார். 400-க்கும் மேல் உயிர்கள் போயின, ஆயிரம் வீடுகள் எரிந்தன. ஜமைக்கா சட்டசபை உறுப்பினர் ஜார்ஜ் வில்லியம் கார்டனை ராணுவ விசாரணை நடத்தித் தூக்கில் போட்டார்கள். எய்ரைக் கொலைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று அமைந்த குழுவுக்கு மில் தலைமை ஏற்றார். கார்லைலும் டிக்கன்சும் டென்னிசனும் எய்ர் பக்கம். டார்வினும் ஹக்ஸ்லியும் மில் பக்கம். மில்லுக்கு மிரட்டல் கடிதங்கள் வந்தன. வெஸ்ட்மின்ஸ்டரில் இதனால் அவருக்கு ஒரு ஓட்டுக்கூடக் கூடியிருக்காது, குறைந்திருக்கும்.

1868 ஏப்ரலில் மரண தண்டனையை ஒழிக்கக் கூடாது என்று பேசித் தன் பக்கத்து ஆட்களையே சங்கடப்படுத்தினார். அதே வருஷம் பிராட்லாவின் தேர்தல் நிதிக்கு 10 பவுண்டு அனுப்பினார். மதத்தைப் பற்றி என்னைக் கேட்காதே என்று சொல்லி ஜெயித்தவர், நாத்திகர் என்று ஊரறிந்த ஆளுக்குப் பணம் அனுப்பினால் எதிராளி சும்மா இருப்பானா? வாக்காளர்களில் ஒரு பகுதி முகம் திருப்பிக்கொண்டது. ஸ்மித் தாராளமாகச் செலவு செய்தார், ஜெயித்தார். மில் மூன்றாவதாக வந்தார்.

உள்ளூர்க் காரியத்துக்கு நேரம் தர மாட்டேன் என்றாரே, அது என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். லண்டன் நகருக்கு ஒழுங்கான நகராட்சி வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவரும் இவர்தான். தனி ஆளின் சிபாரிசுக் கடிதத்துக்கு நேரம் இல்லை, ஊர் முழுவதற்கும் ஒரு அமைப்பு வேண்டுமென்றால் நேரம் உண்டு. கடிதத்தின் அந்த வரிக்கு அர்த்தம் இப்படித்தான் விளங்கியது. இதையும் முன்னாடியே விளக்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆக, கடிதத்தை வைத்து அவர் நடத்தையைச் சரிபார்க்க முடிகிறது. அதுதான் அந்தக் கடிதத்தின் பெருமை. என் துண்டறிக்கையை வைத்து யாரையும் எதையும் சரிபார்க்க முடியாது. ஆனால் தன்வரலாறு நமக்குத் தரும் பாடம், உண்மையைச் சொன்னால் ஜெயிக்கலாம் என்பது. நடந்தது அதைவிடக் கொஞ்சம் கசப்பானது. உண்மையைச் சொல்லி ஒருமுறை ஜெயிக்கலாம், சொன்னபடி நடந்தால் அடுத்தமுறை தோற்கலாம். அந்த விலையையும் சேர்த்துத்தான் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதைப் பெருமையாக அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஏனோ தோல்வியை விளக்கும்போது மற்றவர்களின் செலவையும் கோபத்தையும் எண்ணுகிறார். தான் எழுதிய கடிதம் ஒழுங்காக வேலை செய்ததன் விளைவுதான் இது என்று அவர் பார்க்கவில்லை.

நாம் எங்கே நின்றோம்?

தமிழில் இதைப் படிக்கும்போது ஒரு கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. ஓட்டுப் போடுகிறவருக்கு எல்லாவற்றையும் முன்னாடியே சொல்ல வேண்டும் என்ற இந்த மனிதர், அதற்கு முன் 35 வருஷம் என்ன வேலை பார்த்தார்? 17 வயதில், 1823-இல் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்தார். இந்தியாவை ஆள்வதற்கான கடிதங்களை லண்டனில் உட்கார்ந்து வரைவு எழுதினார். அவர் எழுதியது, அவர் பெயர் இல்லாமல் இயக்குநர்களின் பெயரில் போகும். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. இந்திய வரலாறு எழுதிய அவர் அப்பா ஜேம்ஸ் மில்லும் வந்ததில்லை. அந்தக் கடிதங்கள் யாரைப் பற்றியனவோ அவர்களில் ஒருவர்கூட அவரிடம் 'உங்கள் கருத்து என்ன' என்று கேட்டிருக்க முடியாது.

இதை அவர் மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுதந்திரம் பற்றிய 1859 நூலிலேயே, பின்தங்கியதாக அவர் கருதிய சமூகங்களுக்கு இந்தக் கொள்கை பொருந்தாது என்று விலக்கு எழுதி வைத்திருக்கிறார். 1861 நூலின் கடைசி அத்தியாயத்தில், இந்தியா மாதிரி நாட்டை நாடாளுமன்றம் நேரடியாக ஆள்வதைவிடக் கம்பெனி போன்ற நிபுணர் அமைப்பு ஆள்வதே மேல் என்று வாதிடுகிறார். 1858-இல் தன்னைக் கலைக்க வேண்டாம் என்று கம்பெனி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவை வரைந்ததும் இவர்தான்.

ஜமைக்கா விஷயத்தில் அவர் காட்டிய உறுதியை நினைத்தால் இவரை இரட்டை வேடக்காரர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க மனசு வரவில்லை. ஆளப்படுகிறவனையும் சட்டம் காப்பாற்ற வேண்டும் என்று உண்மையாகவே நம்பினார். ஆனால் ஆளப்படுகிறவன் தன்னை ஆள்கிறவரைக் கேள்வி கேட்கலாம் என்ற அடுத்த படிக்கு இந்தியா விஷயத்தில் அவர் வரவில்லை. தன்வரலாற்றில் அவர் எண்ணிச் சொல்லும் நிபந்தனைகளில் இந்தியா இல்லை. வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளருக்கு அது அவசியமில்லை என்று தோன்றியிருக்கலாம். அதே நாடாளுமன்றம்தான் அப்போது மெட்ராஸ் மாகாணத்துக்கும் மேலே உட்கார்ந்திருந்தது.

வெளிப்படையாக இருப்பது ஒரு பக்கம். யாரிடம் வெளிப்படையாக இருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று நினைக்கிறோம் என்பது இன்னொரு பக்கம். முதலாவதில் மில்லைப் போல இன்னொருவர் கிடைப்பது கஷ்டம். இரண்டாவதில் அவர் தன் காலத்து ஆள்தான்.

கடைசியாக

அண்ணன் இப்போதும் எப்போதாவது போன் பண்ணுவார். அடுத்த முறை நிற்கலாமா என்று யோசிப்பதாகப் போன மாதம் சொன்னார். மில் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவருக்குப் பென்ஷன் இருந்துச்சு தம்பி" என்றார். வாஸ்தவம்தான். வீடு வீடாகப் போக மாட்டேன் என்று அவர் எழுதினால் யாரும் வண்டி கட்டிக்கொண்டு அவருக்காகச் சுற்றப்போவதில்லை. அவர் நடந்துதான் ஆக வேண்டும்.

ஆனாலும் இந்த முறை நான் எழுதிக் கொடுத்தால் துண்டறிக்கையில் மூன்று வரி கூடுதலாக இருக்கும். என்ன செய்ய மாட்டேன் என்று ஒன்று. செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று ஒன்று. எந்த விஷயத்தில் உங்களில் பலருக்கு என் மேல் கோபம் வரும் என்று தெரிந்தும் அதைச் செய்யப்போகிறேன் என்று ஒன்று. இதைக் கேட்டதும் அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மூணாவது வரிக்கு என்னத்தைப் போடறது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லணும் என்றேன். யோசித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்தார். இன்னும் கூப்பிடவில்லை.